இடரினும் தளரினும்: நெருக்கடிக் காலத்தில் தேவாரம் ஓதத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலை பறிபோய் அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாமல் இருப்பவரிடமும், மருத்துவப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருப்பவரிடமும் "கடவுளை நம்புங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது எளிது. எப்படி நம்புவது என்று அவர் திருப்பிக் கேட்டால், சொன்னவரிடம் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. நம்பிக்கையை முதலில் மனத்தில் வரவழைத்துக்கொண்டு, அதன் பிறகே இறைவன் முன் நிற்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. தமிழ்ச் சைவம் காட்டும் வழி வேறு. அச்சமும் ஐயமும் சினமும் நெஞ்சில் இருக்கும்போதே இறைவனை நோக்கி வாய் திறப்பதும், அதை நாள்தோறும் செய்வதும், அந்தப் பழக்கத்தின் ஊடாகவே நம்பிக்கை வேர் பிடிப்பதுமாகிய வழி அது. அதற்கு வேண்டிய சொற்களைத் தேவாரம் பாடிய மூவர் நமக்கு முன்பே பாடி வைத்திருக்கிறார்கள்.

சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் பாடியவை தேவாரப் பதிகங்கள். சைவ நூல் தொகுதிகளாகிய பன்னிரு திருமுறைகளில் முதல் மூன்று சம்பந்தருடையவை; அடுத்த மூன்று அப்பருடையவை; ஏழாவது சுந்தரருடையது. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 800 பதிகங்கள். ஒரு பதிகத்தில் பெரும்பாலும் 10 அல்லது 11 பாட்டுகள் இருக்கும். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தின்படி, இவற்றுள் பல பதிகங்கள் ஏதேனும் ஓர் இக்கட்டின் நடுவே பிறந்தவை. வயிற்று நோய், நாட்டுப் பஞ்சம், அரச தண்டனை, கையில் காசில்லாமை, கண்பார்வை இழப்பு என அந்த இக்கட்டுகளின் பட்டியல் இன்றைக்கும் பழையதாகிவிடவில்லை.

சைவக் குடும்பத்தில் பிறந்தும் பள்ளியில் மனப்பாடம் செய்த ஓரிரு பாட்டுகளுக்கு மேல் அறியாதவர்களையும், இதுவரை ஓதியே பழகாதவர்களையும் மனத்தில் கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. அவர்கள் முதலில் எழுப்பும் கேள்வி, தீட்சை பெற்றிருக்க வேண்டுமா என்பது. தேவாரம் ஓதுவதற்குத் தீட்சை கட்டாயமன்று. குளித்துத் திருநீறு அணிந்து, விளக்கின் முன் அமர்ந்து ஓதுவது முறை. அது இயலாத நோயாளி மருத்துவமனைப் படுக்கையில் படுத்தபடியே ஓதினாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

முதற்படி: நோவை உள்ளபடி சொல்லுதல்

அப்பர் பாடிய முதல் பதிகமே நோயாளியின் முறையீடுதான். திருவாமூரில் பிறந்து, மருள்நீக்கியார் என்ற பெயருடன் வளர்ந்து, பின்னர்ச் சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்தவர் அவர். சூலை நோய் என்னும் கொடிய வயிற்று வலி அவரைப் பற்றியபோது எந்த மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. கெடில ஆற்றின் கரையில், இன்றைய பண்ருட்டிக்கு அருகில் உள்ள திருவதிகை வீரட்டானத்திற்கு வந்து "கூற்றாயினவாறு விலக்ககலீர்" என்று அவர் பாடத் தொடங்கினார். அந்த முதற்பாட்டிலேயே தம் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறார். வலி குடலோடு சேர்த்துக் கட்டி முடக்கிப் போடுகிறது என்கிறார்; "ஆற்றேன் அடியேன்" என்று, தம்மால் தாங்க முடியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். இறைவனின் பெருமையை முதலில் பத்துப் பாட்டுப் பாடிவிட்டுத்தான் வலியைச் சொல்ல வேண்டும் என்ற மரியாதைக் கணக்கு அங்கே இல்லை.

எனவே, பதிகம் எதையும் கையில் எடுப்பதற்கு முன், ஒரு தாளில் தம் நெருக்கடியை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதிக்கொள்வது நல்லது. "என் நேரமே சரியில்லை" போன்ற பொதுவான பேச்சு இதற்குப் பயன்படாது. எவ்வளவு கடன், யாரிடம், எப்போது கெடு. எந்த உறுப்பில் நோய், எந்த முடிவுக்காகக் காத்திருக்கிறோம். எந்த உறவு முறிந்தது என்று குறிப்பாக எழுத வேண்டும். இன்னதென்று பெயர் சொல்ல முடியாத அச்சமே இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது; பெயர் சொல்லிவிட்ட துன்பத்தை ஒருவர் முன் எடுத்து வைக்க முடிகிறது. அந்தத் தாளை மடித்து, ஓதப்போகும் புத்தகத்திற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு பதிகத்தைத் தேர்தல்

இந்த இடத்தில்தான் புதியவர்கள் வழி தவறுகிறார்கள். நெருக்கடி வந்தவுடன் ஆளுக்கொரு பதிகத்தைப் பரிந்துரைப்பார்கள். அனைத்தையும் ஓதத் தொடங்கி, நான்காம் நாள் களைத்து, ஒன்றுமே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். ஒரு பதிகம் போதும். அதையும் "இந்த நோய்க்கு இந்தப் பதிகம்" என்ற அட்டவணையைப் பார்த்துத் தேர்வதைவிட, நம் வாய் எதைச் சொல்லத் துடிக்கிறதோ அதைச் சொல்லும் பதிகத்தைத் தேர்வது பொருத்தம் என்பது என் கருத்து. அட்டவணைகள் பதிகத்தை மருந்துச் சீட்டாக்கிவிடுகின்றன. குறித்த நாளில் குணம் தெரியாவிட்டால் பாட்டின் மீதும் இறைவன் மீதும் ஒரே நேரத்தில் நம்பிக்கை போய்விடுகிறது.

எதை எடுப்பது என்று தெரியாதவருக்கு நான் முதலில் சொல்வது, சம்பந்தர் திருவாவடுதுறையில் பாடிய "இடரினும் தளரினும்" என்னும் பதிகம். மூன்றாம் திருமுறையில் நான்காவதாக உள்ளது. அதன் வரலாறு மிகவும் நடைமுறைக்குரியது. சம்பந்தரின் தந்தையார் சிவபாத இருதயர், வேள்வி செய்வதற்குப் பொருள் வேண்டும் என்று மகனிடம் கேட்கிறார். மகனிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. தந்தை கேட்டதைக் கொடுக்க இயலாத அந்த நிலையில் சம்பந்தர் கோயிலுக்குள் சென்று பாடுகிறார். பலிபீடத்தின் மேல் ஆயிரம் பொன் கொண்ட கிழி ஒன்று வைக்கப்பட்டது என்கிறது பெரியபுராணம்.

பொற்கிழியைவிடவும் பாட்டின் அமைப்பே நமக்கு முக்கியம். ஒவ்வொரு பாட்டின் தொடக்கமும் ஓர் உறுதிமொழி. இடர் வந்தாலும், தளர்ந்தாலும், நோய் தொடர்ந்தாலும் உன் கழலைத் தொழுது எழுவேன் என்பது முதற்பாட்டு. வாழ்ந்தாலும் செத்தாலும் விடமாட்டேன், நனவிலும் கனவிலும் மறவேன், கையில் இருந்தது நழுவிப் போனாலும் வேறொன்றை எண்ணேன், உண்டாலும் பசித்தாலும் உறங்கினாலும் உன்னையன்றி என் நா பேசாது, பித்துப் பிடித்து மயங்கும் நோயே வந்தாலும் உன்னைத்தான் கூவி அழைப்பேன் என்று அடுத்தடுத்த பாட்டுகள் விரிகின்றன. மனிதனுக்கு வரக்கூடிய எந்த நிலையையும் சம்பந்தர் விட்டுவைக்கவில்லை. ஆனால் கடைசிப் பாட்டு நீங்கலாக ஒவ்வொரு பாட்டும் "இதுவோ எமை ஆளுமாறு, ஈவதொன்று எமக்கில்லையேல், அதுவோ உனது இன்னருள்" என்ற கேள்வியில்தான் முடிகிறது. எங்களுக்குக் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்றால், நீ எங்களை ஆளும் முறை இதுதானா, உன் அருள் என்பது அதுதானா என்று நேருக்கு நேர் கேட்கிறார். விடமாட்டேன் என்ற உறுதியும் ஏன் தரவில்லை என்ற கேள்வியும் ஒரே மூச்சில் வருகின்றன. நெருக்கடியில் இருப்பவரின் மனமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. ஏதேனும் ஒன்றைத் துறந்துவிட்டு வரும்படி இந்தப் பதிகம் அவரைக் கேட்பதில்லை.

தமிழை நீளமாகப் படிக்கப் பழக்கமில்லாதவர்கள் சம்பந்தர் திருவீழிமிழலையில் பாடிய "வாசி தீரவே காசு நல்குவீர்" என்ற பதிகத்தை எடுக்கலாம். திருவிருக்குக்குறள் என்னும் வகையைச் சேர்ந்த அது மிகச் சிறியது. முதற்பாட்டு எட்டே சொற்களில் முடிந்துவிடும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கும் அது எளிதில் வசப்படும்.

இன்னது நடக்கப்போகிறது என்று தெரியாத அச்சத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோளறு பதிகத்தை நாடுவார்கள். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்றுச் சம்பந்தர் மதுரைக்குப் புறப்படும் நேரத்தில், நாளும் கோளும் நன்றாக இல்லை என்று மூத்தவராகிய அப்பர் கவலையுடன் தடுக்கிறார். அவருக்கு விடையாகத் திருமறைக்காட்டில் சம்பந்தர் பாடியது அது. பாடிவிட்டு அவர் கிரகநிலை மாறும் வரை திருமறைக்காட்டிலேயே தங்கியிருக்கவில்லை, மதுரைக்குப் புறப்பட்டார். இன்று அந்தப் பதிகத்தை ஓதிக்கொண்டே சனிப்பெயர்ச்சிப் பலன்களைப் படித்து நடுங்குவோர் இந்த வரலாற்றை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். செய்தாக வேண்டிய ஒரு காரியம் முன்னே இருந்து, அதற்குக் கிளம்பக் கால் எழாமல் இருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான பதிகம் இல்லை.

மூன்றாம் படி: ஓதும் முறை

அச்சில் கிடைக்கும் தேவாரப் பதிப்புகள் இரு வகைப்படும். சில, யாப்பின் சீர்களுக்கேற்பப் பாட்டைப் பிரித்து அச்சிடும். அவற்றில் ஒரு சொல் பாதியில் வெட்டுண்டு அடுத்த சீரோடு சேர்ந்திருக்கும். புதியவர் அதைப் படித்தால் பொருளும் புரியாது, வாயும் குழறும். பதம் பிரித்த பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். குறிப்புரையும் இருந்தால் நல்லது. தருமபுரம் ஆதீனம் பன்னிரு திருமுறைகளையும் உரையுடன் வெளியிட்டிருக்கிறது. பெரிய நூலகங்களில் அந்தத் தொகுதிகளைப் பார்க்கலாம்.

முதல் வாரத்தில் முழுப் பதிகத்தையும் ஓத வேண்டியதில்லை. முதற்பாட்டை மட்டும் எடுத்து, உரையைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொண்டு, உரத்த குரலில் மூன்று முறை படித்தால் போதும். மனத்துக்குள் படிப்பது இதற்கு உதவாது, ஏனெனில் கவலை மிகுந்த மனம் கண் வரிகளின் மேல் ஓடும்போதே தன் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருக்கும். குரல் வெளியே வரும்போது மூச்சு ஒழுங்குபட, மனமும் வேறு வழியின்றிச் சொல்லைப் பின்தொடர்கிறது. பின்னர் இரண்டு நாளுக்கு ஒரு பாட்டாகச் சேர்த்துக்கொண்டே போகலாம்.

ஒவ்வொரு பதிகத்துக்கும் உரிய பண், அதாவது பழந்தமிழ் இசை முறை, உண்டு. "இடரினும் தளரினும்" காந்தாரபஞ்சமம், "கூற்றாயினவாறு" கொல்லி, கோளறு பதிகம் பியந்தைக்காந்தாரம். கோயில்களில் திருமுறை பாடும் ஓதுவார்கள் பாடிய ஒலிப்பதிவுகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. திரையிசைப் பாங்கில் வாத்தியங்கள் முழங்கும் பதிவுகளைத் தவிர்த்து, சுருதியோடு ஓதுவார் தனித்துப் பாடும் பதிவாகத் தேடிக் கேட்பது நல்லது. சொல் தெளிவாக விழும். பாட வராதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நிறுத்தி நிதானமாக வாசித்தாலும் அது ஓதுதல்தான்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் "திருச்சிற்றம்பலம்" என்று சொல்வது மரபு. விடியற்காலையும் அந்தியும் உகந்த நேரங்கள். என்றாலும் அச்சம் நள்ளிரவில்தான் வந்து எழுப்புகிறது என்றால், அந்த நேரத்தில் ஓதுவதற்கென்று ஒரு பாட்டையேனும் புத்தகம் பாராமல் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். விளக்கைப் போட்டுப் புத்தகம் தேடுவதற்குள் மனம் வெகுதூரம் போய்விடும்.

சம்பந்தர் பதிகங்களை ஓதுபவர்கள் பத்தாம் பாட்டுக்கு வரும்போது, சமணரையும் பௌத்தரையும் கடிந்துரைக்கும் சொற்களைக் கண்டு திகைப்பதுண்டு. அக்காலத்தில் சமயங்களுக்கிடையே நடந்த வாதப் போரின் தடம் அது. எட்டாம் பாட்டில் இராவணனும் ஒன்பதாம் பாட்டில் அடிமுடி தேடிய திருமாலும் பிரமனும் வருவதைப் போல, அது அவருடைய பதிகங்களின் அமைப்பில் ஒரு வழக்கமான இடம். இன்று ஓதுபவர் அதிலிருந்து யாரையும் வெறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

நான்காம் படி: முறையிடவும் சினக்கவும் தயங்காதிருத்தல்

சில வாரங்கள் ஓதியும் நிலைமை மாறாதபோது சினம் வரும். பலர் இதைப் பாவம் என்று எண்ணி, சினத்தை அடக்கிக்கொண்டு, மெல்ல மெல்லப் பூசையறைப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்கள் சுந்தரரைப் படிக்க வேண்டும்.

தம் மனைவியாகிய சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் செய்து கொடுத்த சபதத்தை மீறி, திருவாரூருக்குப் புறப்பட்ட சுந்தரர் இரு கண்களின் பார்வையையும் இழக்கிறார். தவறு அவர் பக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் இறைவனோடு பேசுவதை நிறுத்தவில்லை. வழிநெடுகக் கேட்டுக்கொண்டே போகிறார். திருவெண்பாக்கத்தில் ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. காஞ்சி ஏகம்பத்தில் இடக்கண் பார்வை வருகிறது. மற்றொரு கண்ணுக்காகத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருக்கிறது. அங்கே பாடியதுதான் "மீளா அடிமை" என்று தொடங்கும் பதிகம். உமக்கே மீளாத அடிமையாகி, வேறு யாரையும் வேண்டாமல், வெளியே எரியாத தீயைப் போல உள்ளுக்குள்ளேயே கனன்று முகம் வாடும் அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால், நீர் சும்மா இருப்பீர். "திருவாரூரீர், வாழ்ந்து போதீரே" என்கிறார். நீர் நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்று மனம் வெறுத்துச் சொல்லும் சொல் அது. அடுத்த பாட்டில், என்னை விற்க வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளும், நான் அடகுப் பொருள் அல்லேன், விரும்பித்தான் உமக்கு ஆளானேன். ஏன் என் கண்ணைப் பறித்தீர், பழி உமக்குத்தான் என்று வழக்காடுகிறார்.

இப்பாட்டைச் சைவ உலகம் மறைத்து வைக்கவில்லை; ஏழாம் திருமுறையில் சேர்த்து, செந்துருத்தி என்ற பண்ணை அமைத்து, திருவாரூர்ப் பெருமானின் புகழ்களோடு சேர்த்தே ஓதி வந்திருக்கிறது. இதிலிருந்து புதியவர் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பேச்சு நின்றுபோவதுதான் இடர். கடுஞ்சொல் இடர் அன்று. நன்றாகச் சண்டையிடும் மகன் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை என்றுதான் பொருள். ஆகவே பதிகம் ஓதி முடித்தபின், புத்தகத்துக்குள் வைத்த தாளை எடுத்து, தம் சொந்தத் தமிழில், வீட்டில் பேசும் பேச்சிலேயே, சொல்ல வேண்டியதை இறைவனிடம் சொல்லிவிட வேண்டும். கேட்க வேண்டியதையும் கேட்டுவிடலாம். அழுகை வந்தால் அடக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: கையால் செய்ய வேண்டியதைச் செய்தல்

நம்பிக்கை என்ற பெயரில் மருந்தை நிறுத்துபவர்களையும் வழக்கறிஞரின் அழைப்பை எடுக்காதவர்களையும் காண்கிறோம். தேவாரம் இதற்கு இடம் தரவில்லை. கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோடாகிய கொடிமாடச் செங்குன்றூரில், சம்பந்தரோடு வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். அதன் முதற்பாட்டு, முன்பு செய்த அந்த வினைக்கு இந்தத் துன்பம் பலன் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்போரை நோக்கி, "உய்வினை நாடாதிருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே" என்று கேட்கிறது. பிழைக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்பது கேள்வி. அடுத்த பாட்டு சோலைகள் வைத்தலையும் குளங்கள் பல தோண்டுதலையும் இருபொழுதும் பூக்கொய்து வழிபடுதலோடு ஒரே வரிசையில் வைக்கிறது. மண்வெட்டி பிடிப்பதும் மலர் பறிப்பதும் அங்கே ஒரே அடிமைத் தொண்டின் இரு பகுதிகள்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவருவது கடினமன்று. நாள்தோறும் ஓதி முடித்தவுடன், எழுந்திருப்பதற்கு முன், இன்றைக்கு இந்த நெருக்கடி தொடர்பாக என் கையால் ஆகக்கூடிய ஒரே ஒரு காரியம் எது என்று தீர்மானித்துத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வங்கி மேலாளரைப் பார்த்துத் தவணையை மாற்றியமைக்கக் கேட்பது, இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது, விண்ணப்பம் ஒன்றை அனுப்புவது, பேசாமல் இருக்கும் அண்ணனுக்குத் தொலைபேசுவது என்று எதுவாகவும் அது இருக்கலாம். அதன் விளைவு நம் கையில் இல்லை. அதைச் செய்து முடிப்பது நம் கையில் இருக்கிறது.

பரிகாரங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே கடனில் இருப்பவரிடம், பெருந்தொகை செலவாகும் பரிகாரம் ஒன்றைச் செய்தால்தான் கடன் தீரும் என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுவது நலம். தேவாரம் ஓதுவதற்கு ஆகும் செலவு ஒரு புத்தகத்தின் விலை மட்டுமே.

தூக்கமும் உணவும் பல நாள் அற்றுப்போய், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், பதிகத்தோடு நின்றுவிடக் கூடாது. அதுவும் மருத்துவம் வேண்டும் நிலைதான். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.

ஆறாம் படி: துணை தேடுதல்

அப்பருக்கு நோய் முற்றியபோது அவர் முதலில் நினைத்தது தம் தமக்கையாரை. திலகவதியார் தம் வாழ்க்கையில் பட்டது கொஞ்சமன்று. தந்தையும் தாயும் இறந்தார்கள். திருமணம் பேசி முடித்திருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்தவர் தம்பிக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் வேறு சமயம் புகுந்து பிரிந்து போனார். அதற்குப் பின் அவர் திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு (பெருக்கி), சாணத்தால் மெழுகி, பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டு, தம்பிக்காக இறைவனிடம் வேண்டியபடி வாழ்ந்தார். தம்பி தமக்குச் சமைப்பவனைத் தூது அனுப்பியபோது, அங்கு வரமாட்டேன் என்று மறுத்தவர், இரவில் அவர் தாமே வந்து சேர்ந்ததும் திருநீறு கொடுத்து, விடியலில் தம்முடன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அப்பரின் பாட்டுக்கு முன்னால் இந்த அம்மையாரின் நெடுங்கால அலகுப் பணி இருக்கிறது.

நம் அறிமுகத்திலும் இத்தகைய ஒருவர் அநேகமாக இருப்பார். பேச்சு குறைவாகவும் வழிபாடு ஒழுங்காகவும் உள்ள பாட்டியோ பெரியப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் அவரிடம் நிலைமையைச் சொல்லி, வாரத்துக்கு ஒருமுறை உடன் அமர்ந்து ஓத முடியுமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டின் பல ஊர்களில் திருமுறை மன்றங்கள் வார வழிபாடு நடத்துகின்றன. யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழரின் கோயில்களிலும் பூசையில் ஐந்து திருமுறைப் பாட்டுகளைப் பாடும் பஞ்சபுராணம் ஓதும் வழக்கம் நிலைத்திருப்பதால், தேவாரம் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது அங்கே எளிது. கோயிலில் ஓதுவார் இருந்தால், பூசை நேரம் முடிந்தபின் அவரை அணுகி, எடுத்துக்கொண்ட பதிகத்தின் முதற்பாட்டைப் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். புதியவர் ஒருவர் ஆர்வத்தோடு கேட்பதை விரும்பாத ஓதுவார் அரிது.

உதவி பெறுவதோடு உதவி செய்வதும் இந்தப் படியில் அடங்கும். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் பலிபீடத்தில் ஒவ்வொரு காசு கிடைத்தது. அதைக் கொண்டு இருவரும் தத்தம் மடங்களில் அடியார்களுக்கு உணவிட்டார்கள். சம்பந்தர் பெற்ற காசு வட்டம் (வாசி என்னும் கழிவு) கொடுத்து மாற்ற வேண்டியதாக இருந்ததால், அவர் மடத்தில் சோறு சற்றுத் தாமதமாக ஆயிற்று. அது கண்டுதான் "வாசி தீரவே" என்று கேட்டார். ஊருக்குச் சோறு போடுவதில் நேர்ந்த தாமதத்துக்காகப் பிறந்த பாட்டு அது. நம் நெருக்கடியின் நடுவிலும் நம்மைவிட நெருக்கடியில் இருப்பவருக்கு ஒரு வேளை உணவோ ஒரு மணி நேரத் துணையோ தர முடிந்தால், அன்றைய இரவு கொஞ்சம் இலேசாகக் கழியும்.

ஏழாம் படி: கேட்டது கிடைக்காத நாட்களில்

பெரியபுராணத்தில் நோய் தீர்கிறது, கண் திரும்புகிறது, கல் கடலில் மிதக்கிறது. நமக்கு அப்படியே நடக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது; சொன்னால் அது ஏமாற்று. ஆகையால் இந்த நாட்களுக்கென்று அப்பரின் நமச்சிவாயப் பதிகத்தைப் பரிந்துரைக்கிறேன். கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டபோது "சொற்றுணை வேதியன்" என்று தொடங்கி அவர் பாடியது அது. அதன் நான்காம் பாட்டு, மலையின் கீழே அகப்பட்டுக் கிடந்தாலும் "நாமுற்ற நடுக்கத்தைக் கெடுப்பது நமச்சிவாயவே" என்கிறது. மலை விலகும் என்று அந்த அடி சொல்லவில்லை. அடியில் கிடப்பவனின் நடுக்கம் தீரும் என்கிறது. சுண்ணாம்புக் காளவாயில் அடைபட்டிருந்த ஏழு நாளில் அப்பர் பாடியதாகச் சொல்லப்படும் "மாசில் வீணையும்" என்ற பாட்டும் வெளியே வரக் கதவு திறக்கும்படி கேட்கவில்லை. இருக்கும் இடத்திலேயே மாலை நிலவையும் வீசும் தென்றலையும் போன்ற ஒரு நிழலைக் காண்கிறது.

எனவே, பயன் இருக்கிறதா என்று சோதிப்பவர்கள் வங்கிக் கணக்கையும் மருத்துவ அறிக்கையையும் மட்டும் பார்த்தால் போதாது. நள்ளிரவில் விழித்தபின் மீண்டும் தூங்க எவ்வளவு நேரம் ஆகிறது, கெட்ட செய்தி வந்த நாளில் வீட்டாரிடம் சீறுவது குறைந்திருக்கிறதா, தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த முடிவை எடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றம் முதலில் இந்த இடங்களில்தான் தெரியும்; சில சமயம் நமக்கு முன்பாக வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், எடுத்த பதிகத்தை மாற்றாமல் ஓதிவருவது நம் வழக்கத்துக்கு ஒத்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடர்ந்துவிடலாம். மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தேவையில்லை. மண்டலம் முடிந்தபின் பதிகம் மனப்பாடமாகியிருந்தால் இரண்டாவதை எடுக்கலாம். ஆகாவிட்டால் அதையே தொடரலாம். நெருக்கடி தீர்ந்தவுடன் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிடுவது பலரும் செய்வது. பிறகு அடுத்த நெருக்கடியில் மறுபடியும் எழுத்துக் கூட்ட வேண்டி வரும். வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமையோ வசதிப்படும் வேறெந்த நாளோ, அதே பதிகத்தை ஒருமுறை ஓதிவந்தால் அது நாவை விட்டுப் போகாது. பழைய தாளில் எழுதியிருந்தது தீர்ந்திருந்தால் அதைக் கிழித்துவிட்டு, அக்கம்பக்கத்தில் இப்போது இடரில் இருக்கும் ஒருவரின் தேவையை அந்த இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.